கரி ஆயிலும் கீழ் லயத்து ஓடையும்

மூணாறு போகிற ரோட்டில், டவுனுக்குச் சற்று முன்னால் இருக்கிற ஜீப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் அங்கே கரண்டில் ஓடுகிற வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் இடம் திறந்தார்கள். பழைய ஆட்களையும் அழைத்திருந்தார்கள். நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். சார்ஜ் மெஷினை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், என் கொட்டகையில் பாதியைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

திவ்யா என்று ஒரு பிள்ளை இப்போது அங்கே மெக்கானிக். கையில் பைப்பு ஸ்பேனரோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மச்சி, இங்க நீங்க என்ன வேல பாத்தீங்க?"

"கரி ஆயிலப் பாத்துக்கிட்டேன்."

"அதப் பாத்துக்கிறதுக்கு ஒரு ஆளா? மாடு மேய்க்கிற மாதிரியா?"

"மாடாவது சொன்னாக் கேக்கும்மா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, கரண்ட் வண்டிக்கு ஆயிலே கிடையாது, அதனால் கேட்டேன், முழுசாகச் சொல்லுங்கள் என்றாள். நின்றுகொண்டு சொல்லக்கூடிய விஷயமா அது? அதனால்தான் இப்போது உட்கார்ந்து சொல்கிறேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் வரும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மகள். அவள் சுருக்கப் பார்த்த இடத்தில் எல்லாம் நான் விடவில்லை.

இன்ஜினுக்குள் ஓடி ஓடிக் கறுத்துப்போன ஆயிலை மாற்றும்போது கீழே வடிப்பார்கள். அதுதான் கரி ஆயில். நான் முதலில் சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளினவள். தோள்பட்டை இறங்கிப்போய்க் கூடை தூக்க முடியாமல் ஆனபோது பட்டறைக்குப் பெருக்க வந்தேன். அந்தக் காலத்தில் கரி ஆயிலுக்கு ஒரு மதிப்பும் இல்லை, ஒரு பயமும் இல்லை. கோடையில் முற்றத்துப் புழுதி அடங்குவதற்கு அதைத்தான் ஊற்றுவோம். மழை வந்தால் முற்றம் கறுப்பாக ஓடும். எங்கே ஓடுகிறது என்று யாரும் பார்த்ததில்லை. பின்பக்கம் ஓர் ஓடை. ஓடைக்குக் கீழே லயங்கள், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள். அந்தக் கீழ் லயத்தில்தான் என் அண்ணன் பெண்டாட்டி மரியக்கண்ணு மைனி இருந்தாள், இன்றைக்கும் இருக்கிறாள். ஓடையில் ஓஸ் போட்டுத்தான் அவர்களுக்கு வீட்டுக்குத் தண்ணீர்.

வண்டி செய்கிற கம்பெனி, தன் பெயர்ப்பலகை தொங்குகிற பட்டறை எல்லாம் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் நடக்க வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதை நடத்திக் காட்ட மேனேஜராக வந்தவர் குரியன் சார். கோட்டயம் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். ஒல்லியான ஆள். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. தரையில் ஒரு சொட்டு ஆயில் கிடந்தால், யார் சிந்தியது என்று கேட்க மாட்டார். அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். சிந்தின மெக்கானிக் தானாகத் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வருவான். துடைத்து முடிகிறவரை இருந்துவிட்டு, "ம், மதி", போதும் என்று எழுந்து போவார். சார் குந்திவிட்டார் என்றால் பட்டறை முழுக்க ஸ்பேனர் சத்தம் நின்றுபோகும். திட்டுகிற மேனேஜர்களை எங்களுக்குச் சமாளிக்கத் தெரியும். இந்த மனிதரை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர் வந்த முதல் வாரத்தில் என் துடைப்பத்தை வாங்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, கரி ஆயில் பீப்பாய் வைக்கிற கொட்டகையைக் காட்டி, "சேச்சி, இனி இந்தக் கொட்டகை சேச்சியோடது. சாவி என்கிட்ட வேண்டா, சேச்சி வச்சா மதி" என்றார். என் வாழ்க்கையில் வீட்டுச் சாவி தவிர வேறு சாவி என் இடுப்பில் ஏறியது அன்றைக்குத்தான்.

வேலை என்னவென்று கேட்டால் சொல்கிறேன். வண்டி கழுவுகிற தண்ணீர் நேராக ஓடைக்குப் போகக் கூடாது. மூன்று அறை வைத்த தொட்டி கட்டினார்கள். முதல் அறையில் சேறு படியும். இரண்டாவதில் ஆயில் மேலே மிதக்கும். அந்த அறையில் ஒரு குழாய் வாய் கீழ்ப்பக்கம் பார்த்து நிற்கும், அதனால் அடித்தண்ணீர் மட்டும் மூன்றாவது அறைக்குப் போகும். அங்கிருந்துதான் வெளியே. மிதக்கிற ஆயிலைத் தட்டையான தகரத்தால் வழித்து எடுப்பது என் வேலை. பாலில் ஆடை எடுக்கிற கை வேண்டும் அதற்கு. வேகமாக இழுத்தால் கலங்கி அடியில் இறங்கிவிடும். பழைய ஃபில்டரைக் கம்பி வலையில் கவிழ்த்து வைத்து ஒரு நாள் முழுக்க வடிய விட வேண்டும். ஆயில் துடைத்த பஞ்சு, மூடி போட்ட சிவப்பு டப்பாவில். பழைய பேட்டரி, மரப்பலகை மேல். ரேடியேட்டர் தண்ணீரைக் கரி ஆயிலோடு சேர்க்கவே கூடாது. சேர்ந்தால் பால் ஊற்றின காப்பி நிறமாகிவிடும், ஆயில் எடுக்க வருகிற லாரிக்காரர் குச்சியை முக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விடுவார். இதெல்லாம் குரியன் சார் என் பக்கத்தில் நின்று, தன் சட்டையும் அழுக்காகக் காட்டிக் கொடுத்தது. பீப்பாய்களுக்கு நிறம் அடித்து வைத்தார். எழுத்தைவிட நிறம் எனக்குச் சுலபம் என்று நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

வேலையில் கஷ்டமானது ஆயில் அல்ல, ஆட்கள். ஊரில் கரி ஆயில் வேண்டாத வீடு கிடையாது. கதவு நிலையில் கரையான் ஏறாமல் பூச, மாட்டுத் தொழுவத்துத் தூணுக்குப் பூச, கொசுவுக்குக் குட்டையில் ஊற்ற. கையில் பாட்டிலோடு வருவார்கள்.

"தெரசக்கா, ஒரு குப்பி."

"இல்ல."

"பீப்பா நெறைய இருக்கே?"

"அது லாரிக்கு."

"லாரிக்காரன் ஒங்களுக்கு மாமனா மச்சானா?"

இப்படித்தான் பேச்சு. மாதா கோயில் திருவிழாப் பந்தல் காலுக்கென்று கேட்டு வந்த ஒருவர், மாதா பேரைச் சொல்லிக் கேட்டார். மாதாவுக்கு வேண்டுமானால் மாதாவே வந்து கேட்கட்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சு பங்குச் சாமியார் காது வரை போய்விட்டது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

வட்டவடை ஜீப்காரர்கள் கேட்பது வேறு மாதிரி. கேரட்டும் கோஸும் ஏற்றி மழையிலும் சேற்றிலும் இறங்கி வருகிற வண்டிகள் அவை. அடிப்பாகம் துருப்பிடித்தால் வண்டி போச்சு. அதனால் மழைக்கு முன்னால் கரி ஆயிலும் டீசலும் கலந்து வண்டிக்கு அடியில் பீய்ச்சி அடிப்பது அவர்களுக்கு வழக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு எண்ணெய் பூசுகிற மாதிரி, அதில் அவர்களுக்கு ஒரு பிரியமும் உண்டு. எங்கள் பட்டறையிலேயே அடித்துக் கொடுத்தோம். புதுச் சட்டம் வந்ததும் அதை நிறுத்தினோம். நாங்கள் நிறுத்தினோமே தவிர மழையும் நிற்கவில்லை, துருவும் நிற்கவில்லை. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. வருகிறவர்களிடம் இல்லை என்று சொன்னேன், போனார்கள். போய் என்ன செய்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அது கோடை முடிகிற சமயம். காலையில் நான் கொட்டகையைத் திறந்துகொண்டிருக்கிறேன், கையில் சோற்றுப் பானையோடு மரியக்கண்ணு மைனி வந்து நிற்கிறாள். பின்னால் லயத்துப் பெண்கள்.

"ஏ தெரசு, எட்டிப் பாருடி உள்ள. வானவில்லு தெரியுதா?"

பார்த்தேன். பானைத் தண்ணீரின் மேல் நிறம் நிறமாக ஒரு படலம்.

"மைனி, இது எங்க ஆயில் இல்ல."

"பின்ன ஆகாசத்துல இருந்து ஒழுகுதா? இந்த ஊருல ஆயில் வச்சுப் பூட்டியிருக்கவ நீ ஒருத்திதான். பேரன் வயித்தப் புடிச்சிக்கிட்டு ராத்திரி பூரா அழுகுறான். பஞ்சாயத்து மெம்பருகிட்டச் சொல்லியாச்சு. பொல்லூஷன் ஆபீஸர் நாளைக்கு வாராரு. ஒன் பட்டறைக்குப் பூட்டு போட்டுட்டுத்தான் நான் கஞ்சி குடிப்பேன்."

அண்ணன் வீட்டுக் கல்யாணத்திலிருந்து என் பிள்ளைப்பேறு வரை எனக்குக் கூட நின்றவள் அவள். அவள் வாயால் இப்படிக் கேட்டது எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. என் கொட்டகையிலிருந்து ஒரு சொட்டு வெளியே போகவில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். ஆனால் ஓடை பேசாது, பானை பேசுகிறது. நாளைக்குப் பூட்டு விழுந்தால் எங்கள் பட்டறையை நம்பி இருக்கிற அத்தனை வீட்டிலும் அடுப்பு அணையும். பூட்டு விழாமல் அந்தத் தண்ணீர் அப்படியே ஓடினால் கீழ் லயத்துப் பிள்ளைகள் அதைத்தான் குடிக்கும்.

குரியன் சார் வந்தார். மைனி பானையைக் கீழே வைத்ததும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மைனியிடம், "சேச்சி சொல்றது சரி, இது ஆயில்தான். எங்க இருந்து வருதுன்னு நமக்குச் சேர்ந்து நோக்காம். சேச்சியும் வரணும். நான் மட்டும் பாத்துட்டு வந்து சொன்னா சேச்சி நம்ப வேண்டா" என்றார்.

"நான் எதுக்கு நம்பப் போறேன்?" என்றாள் மைனி. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக ஓடையில் இறங்கியவள் அவள்தான்.

சார் பழைய செய்தித்தாளைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து வைத்துக்கொண்டார். தண்ணீர் நெளியாமல் நிற்கிற இடமாகப் பார்த்து, ஒரு துண்டைப் படுக்க வைத்த மாதிரி மேலே விடுவார். அது நனைந்ததும் இரண்டு முனையைப் பிடித்து அலுங்காமல் தூக்கிப் பாறையில் வெயிலில் காய வைப்பார். தண்ணீர் காய்ந்துவிடும், ஆயில் காயாது. ஆயில் பட்ட இடம் கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடும். எங்கே காகிதத்தை விடுவது என்று மைனியைத்தான் இடம் காட்டச் சொன்னார். காய்ந்ததைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதையும் அவளிடமே விட்டார்.

முதல் துண்டு, லயத்து ஓஸ் வாய் பக்கத்தில். முழுக்கக் கறை. இரண்டாவது, எங்கள் பட்டறைத் தண்ணீர் ஓடையில் விழுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே. நான் ஜெபம் சொல்லிக்கொண்டே நின்றேன். மைனி தூக்கிப் பிடித்தாள். அதிலும் கறை.

"பாத்தியாடி? இப்ப என்ன சொல்லுத?"

மேலே வேலிப்பக்கம் மெக்கானிக்குகள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இனி மூணாவது அறை" என்றார். தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியே வருகிற வாயிலேயே மைனி தன் கையால் ஒரு துண்டை விட்டாள். அது காயும்வரை பக்கத்திலேயே நின்றாள். தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள்.

"ஒண்ணையும் காணல" என்றாள், பிடிக்காத குரலில்.

அடுத்த துண்டைப் பட்டறைக்கு மேலே, எங்கள் தண்ணீர் போய்ச் சேராத இடத்தில் விட்டோம். அதில் நல்ல தடிமனாகக் கறை. எனக்கு மூச்சு வந்தது. "மைனி, இப்ப என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்தான், ஆனால் கேட்டேன். அவள், "மேல நட" என்றாள்.

மேல்பாலத்துக்கு அடியில், ஓடைக்கரையில் வண்டி இறக்கிக் கழுவுகிற ஒரு சரளைத் திடல் உண்டு. அங்கே நான்கைந்து ஜீப் நின்றது. ஒன்றின் அடியிலிருந்து இரண்டு கால் நீட்டியிருந்தது. ஸ்ஸ்ஸ் என்று சத்தம். கோஸுக்கு மருந்து அடிக்கிற பம்பில், எங்கிருந்தோ வாங்கி வந்த கரி ஆயிலும் டீசலும் நிரப்பி, சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு பீய்ச்சுகிறான் ஒருவன். அடியில் பட்டது போக மீதி சரளையில் வழிந்து ஓடையில் இறங்குகிறது. காலைப் பிடித்து மைனி இழுத்தாள். வெளியே வந்த முகம், வட்டவடைப் பாண்டி. எங்கள் பட்டறைக்குப் பல வருஷமாக வருகிற டிரைவர்.

"ஏய், நீதானாடா? நீ அடிக்கிறது எங்க வயித்துலடா வந்து விழுது!"

"மைனி, விடுங்க, நாலு சொட்டு தெறிச்சதுக்கு ஓடையே செத்துருமா?"

"அந்தப் பம்ப இங்க குடு. ஒன் தலையில ஊத்துறேன். போராட்டம்னு ஆபீஸரு தலையில கரி ஆயில் ஊத்துறானுகளே, அதுக்குக் கட்சியில சேரணும்னு ஒண்ணும் இல்ல."

பாண்டி என் பக்கம் திரும்பினான். "நான் எங்க போறது? தெரசக்காகிட்டப் போனா இல்லங்கிறாங்க. பட்டறையில அடிச்சுத் தர மாட்டாங்களாம். சேஸிஸ் இத்துப்போனா எங்க ஊரு எறக்கத்துல என்ன ஆகும்? கேரட்டும் நானும் சேந்துதான் உருளணும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை.

மைனி சாரிடம், "நாளைக்கு ஆபீஸர் வருவாருல்ல, இவனப் புடிச்சுக் குடுங்க. ஒங்க பட்டறை தப்பிச்சிரும்" என்றாள். பாண்டிக்கு முகம் செத்துப்போனது. ஜீப்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் அவனுக்குப் பிழைப்பு இல்லை. சார் ஓடைக்கரையில் குந்தினார். இந்தத் தடவை எனக்கே பொறுக்கவில்லை. என்ன யோசிக்கிறார், எங்கள் மேல் தப்பில்லை என்று ஆகிவிட்டதே என்று நினைத்தேன்.

"இவனைக் காட்டிக் கொடுத்தா பாக்கி வண்டிக்காரர் எல்லாம் வேற ஓடைக்குப் போவாங்க" என்றார் எழுந்து. "அந்த ஓடைக்குக் கீழயும் யாராவது தண்ணி குடிப்பாங்க. நம்ம பட்டறை தப்பிச்சா மட்டும் மதியோ, தெரச சேச்சி?"

என்னிடம் ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. சாவி என்னிடம் இருந்ததால் கேட்டிருக்கலாம். "எல்லா வண்டியையும் நம்ம முத்தத்துக்கு வரச் சொல்லுங்க சார்" என்றேன். "கழுவுற தண்ணி நம்ம தொட்டிக்குப் போகட்டும். ஆனா பீய்ச்சுறது ஆகாது. வழிச்சு எடுத்து எனக்குக் கை விட்டுப்போகும்."

பீய்ச்ச வேண்டாம் என்று அவரும் தலையாட்டினார். மெழுகு சேர்ந்த ஒரு கறுப்புப் பூச்சு உண்டு, பிரஷ்ஷால் பூசுவது, ஒரு நாள் காய்ந்தால் விரலில் ஒட்டாது, மழையில் கரையாது என்றார். பூச்சை வரவழைத்துத் தருவது பட்டறை, பூசுகிறதற்குக் கூலி வாங்க மாட்டோம் என்று பாண்டியிடம் சொன்னார். ஓடை தெளிகிறவரைக்கும் கீழ் லயத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்து இறக்குவது ஜீப்காரர்கள் வேலை என்றும் சொன்னார். அன்று சாயந்திரமே பாண்டி கேரட் இறக்கின வண்டியில் தண்ணீர்க் கேன் ஏற்றிக்கொண்டு வந்தான்.

மறுநாள் வந்த ஆபீஸரிடம் சார் ஒன்றையும் மறைக்கவில்லை. காகிதத் துண்டுகளைக் காட்டினார், திடலைக் காட்டினார், செய்யப்போவதையும் சொன்னார். யார் அடித்தது என்ற இடத்தில் மட்டும், "எல்லாரும்" என்றார். ஆபீஸர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, முதல் பெருமழை பெய்த மறுநாள் வருவேன், அன்றைக்கு ஓடையில் ஆயில் மிதந்தால் பட்டறைக்கும் பூட்டு, அந்தத் திடலில் இறங்குகிற வண்டி எல்லாவற்றின் மேலும் கேஸு என்று சொல்லிப் போனார். இனி மேலே நின்று யாராவது ஒருத்தன் பம்பைத் தூக்கினாலும் விழுவது எங்கள் தலையில்தான்.

வண்டிகள் வர ஆரம்பித்தன. அடியில் வருஷக்கணக்காகச் சேறும் ஆயிலும் சேர்ந்து தோசைக்கல் கனத்தில் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டித் தட்டில் ஏந்திச் சாக்கில் கட்ட வேண்டும், பிறகு கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், அப்புறம்தான் பூச்சு. மெக்கானிக்குகளுக்கு நேரம் இல்லை. நான் பலகை போட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். இரண்டாம் நாள் பக்கத்தில் இன்னொரு பலகை உருண்டு வந்தது. பார்த்தால் மைனி, தலையில் துண்டு, கையில் தோசைத் திருப்பி.

"நீங்க எதுக்கு மைனி?"

"ஒன்னை நம்பி விட்டுட்டு நான் வீட்டுல ஒக்காரவா? அந்த மூலையில பாரு, விட்டுட்ட."

வயதான பெண்கள் இரண்டு பேர் தங்கள் வண்டிக்கு அடியில் கிடப்பதைப் பார்க்க டிரைவர்களுக்குக் கூச்சமாகிவிட்டது. "எந்திரிங்க மைனி, நாங்க பண்ணிக்கிறோம்" என்பார்கள். "போடா, போயி எனக்கு வெத்தல வாங்கிட்டு வா" என்பாள். கடைசியில் அவர்களும் படுத்தார்கள். பேச்சும் சிரிப்புமாக அந்த நாட்கள் எனக்குக் கொழுந்து கிள்ளுகிற காட்டு வேலை மாதிரி இருந்தன. பாண்டிக்கு மட்டும் பூச்சின் மேல் குறை. ஆயில் அடித்தால் பளபளவென்று இருக்குமாம், இது குளிக்காத எருமை மாதிரி மங்கலாக நிற்கிறதாம். "எருமை மழையில நனைஞ்சாலும் துருப்பிடிக்காதுடா" என்றாள் மைனி.

எல்லா வண்டியும் முடிவதற்குள் மழை பிடித்துவிட்டது. இரண்டு வண்டி பாக்கி. அவை மேல்பாலம் பக்கம் போகாமல் பாண்டியே பார்த்துக்கொண்டான். ஒரு பகலும் இரவும் விடாமல் கொட்டியது. காலையில் ஆபீஸர் வந்தார். ஓடை கலங்கிச் சிவப்பாக ஓடியது. கரை ஓரம் சற்றுத் தெளிந்து நிற்கிற இடத்தில் சார் காகிதம் விட்டார். வெயில் இல்லை. பட்டறைக்குள் கொண்டுவந்து பல்பு வெளிச்சத்தில் காய வைத்தார்கள். எல்லாரும் சுற்றி நிற்கிறோம். ஆபீஸர் தூக்கிப் பிடித்தார். மண் கறை இருந்தது. வெளிச்சம் விடுகிற இடம் ஒன்றும் இல்லை. அவர் தலையாட்டினார். எனக்கு அப்போதுதான் உட்காரத் தோன்றியது.

அந்த நேரம் மைனி குடைக்குள்ளிருந்து ஒரு தூக்குப்போணியும் கண்ணாடி டம்ளர்களும் எடுத்தாள். பால் விடாத கட்டன் சாயா. ஓஸில் வந்த தண்ணீரைத் தெளிய வைத்துப் போட்டது.

"பேப்பரு சொல்லுறது ஒங்களுக்கு. எனக்கு நாக்குதான் சொல்லணும்" என்று முதல் டம்ளரைப் பாண்டியிடம் நீட்டினாள். அவன் டம்ளருக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தான்.

"என்னடா தேடுற? குடி."

குடித்தான். எல்லார் கண்ணும் அவன் மேல். "மைனி, ஒண்ணு சொன்னாக் கோவிக்கக் கூடாது" என்று இழுத்தான். அவள் முகம் மாறியது. "சீனியே போடல நீங்க."

போணி மூடியால் அவன் தோளில் ஒன்று வைத்தாள். அடுத்து சார் குடித்தார், மெக்கானிக்குகள் குடித்தார்கள், நான் குடித்தேன். ஆபீஸர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவரும் வாங்கிக் குடித்துவிட்டு, இன்னும் அரை டம்ளர் கிடைக்குமா என்று கேட்டார். நாங்கள் ஒவ்வொருவரும் குடித்துவிட்டு நிற்பதை நன்றாக ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டாள் மைனி. அப்புறம்தான் தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி, பேரனுக்கென்று மீதியைப் போணியில் வைத்து மூடினாள்.